குரலுக்கும் கூலி உண்டு

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 31. பெரியவன் இரண்டாம் வகுப்பு, சின்னவள் பால்வாடி. பள்ளிக்கூட நாளில் பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கியவராம். இப்போதும் போனை எடுத்து "ஹலோ" என்றால், "ரேடியோவில் பேசுற மாதிரியே இருக்கே!" என்று எதிர்ப்பக்கத்தில் சொல்கிறார்களாம். சமீபத்தில் கைப்பேசியில் ஒரு விளம்பரம் பார்த்திருக்கிறார். மூன்றே மாதத்தில் டப்பிங் ஆர்ட்டிஸ்ட் ஆகலாம், சான்றிதழ் உண்டு, வேலைக்கு உத்தரவாதம். கட்டணம் 40,000 ரூபாய். கல்யாணத்துக்குப் போட்ட இரண்டு வளையல்களை அடகு வைத்துச் சேர்ந்துவிடலாமா என்று யோசனை. கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. "நீங்கள் சரி என்றால் சேர்ந்துவிடுகிறேன் அக்கா" என்று முடித்திருக்கிறார்.

அம்மா, வளையல்கள் பீரோவிலேயே இருக்கட்டும். ஆசையை மட்டும் வெளியே எடுங்கள். அந்த ஆசையில் தப்பே கிடையாது. ஆனால் "வேலைக்கு உத்தரவாதம்" என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவருக்கு இந்தத் தொழிலைப் பற்றி ஒன்றும் தெரியாது; அல்லது ரொம்ப நன்றாகவே தெரியும்! இங்கே மாதச் சம்பள உத்தியோகம் என்பதே அபூர்வம். அன்றன்றைக்கு அழைப்பு, அன்றன்றைக்குக் கூலி. இல்லாத உத்தியோகத்துக்கு யார் எப்படி உத்தரவாதம் கொடுப்பது?

இதே மாதிரி இன்னும் இரண்டு மூன்று கடிதங்களும் வந்திருப்பதால், இந்தத் தடவை இதைப் பற்றியே கொஞ்சம் சாவகாசமாகப் பேசிவிடலாம்.

திரைக்குப் பின்னால் யார் பேசுகிறார்கள் என்று நாம் யோசிப்பதே இல்லை. 1993-ல் வந்த 'மணிச்சித்ரதாழ்' என்ற மலையாளப் படம் பலருக்கு ஞாபகம் இருக்கும். பிற்பாடு 'சந்திரமுகி'யாகத் தமிழிலும் வந்த அதே கதைதான். அதில் ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர் பாக்யலட்சுமி என்றுதான் எல்லாரும் நினைத்துக் கொண்டிருந்தார்கள். 2016-ல் டைரக்டர் பாசில் ஒரு விஷயத்தை வெளியிட்டார். கங்காவாக வரும்போது பேசியது பாக்யலட்சுமி. ஆவேசம் வந்து நாகவல்லியாகத் தமிழில் கர்ஜிக்கும்போது பேசியது துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞர்! 23 வருஷம் அந்தக் குரலைக் கேட்டு நடுங்கியவர்களுக்கு, அது யாருடையது என்றே தெரியவில்லை.

இதை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பேரும் புகழும் வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இது ஏமாற்றம் தரும் தொழில். கேரள அரசு 1991 முதல் சிறந்த டப்பிங் கலைஞருக்கு விருது கொடுத்து வருகிறது. ஆனாலும் பொதுவாகக் கைதட்டல் முகத்துக்குத்தான் போகும், குரலுக்கு வராது. "பரவாயில்லை, வேலையே எனக்குப் பிடிக்கிறது" என்கிறவர்கள்தான் இதில் நிலைக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'பம்பாய்' (1995) படத்தில் மனிஷா கொய்ராலாவுக்கும், 'இருவர்' (1997) படத்தில் ஐஸ்வர்யா ராய்க்கும் குரல் கொடுத்தவர் ரோகிணி. குழந்தை நட்சத்திரமாகவே நடிக்க வந்தவர். 'ராஜா ராணி'யில் (2013) நயன்தாராவுக்குப் பேசிய தீபா வெங்கட் டி.வி. தொடர்களில் நடித்தவர். 'விண்ணைத்தாண்டி வருவாயா'வில் (2010) த்ரிஷாவுக்குப் பேசிய சின்மயி பாடகி. 'அமராவதி'யில் (1993) அஜித்துக்கும் 'காதலன்' (1994) படத்தில் பிரபுதேவாவுக்கும் பேசிய விக்ரம் பிறகு என்ன ஆனார் என்று உங்களுக்கே தெரியும். இவர்கள் யாரும் "என் குரல் இனிமையாக இருக்கிறது" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மைக்குக்கு முன்னால் வந்தவர்கள் அல்ல. நடிக்கத் தெரிந்தவர்கள், அல்லது சுருதியும் மூச்சும் கைவந்தவர்கள்.

போனில் நன்றாக இருக்கிற குரல் வேறு, தொழிலுக்கு ஆகிற குரல் வேறு. கட்டைக் குரல், கீச்சுக் குரல், மூக்கால் பேசுகிற குரல், பாட்டிக் குரல் எல்லாவற்றுக்கும் இங்கே வேலை இருக்கிறது. சொல்லப் போனால் இனிமையான குரல்களுக்குத்தான் போட்டி ஜாஸ்தி. அதனால் "எனக்கு ஆண்பிள்ளை மாதிரி குரல்" என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கும் சகோதரியும் தொடர்ந்து படிக்கலாம்.

வயதும் ஒரு தடை அல்ல. உங்கள் வீட்டுக் குழந்தைகள் பார்க்கும் டோரேமான் பூனைக்கு ஜப்பானில் 1979 முதல் 2005 வரை குரல் கொடுத்தவர் நொபுயோ ஒயாமா என்ற அம்மாள். 'டிராகன் பால்' கோகு என்ற பையனுக்கு 1986 முதல் குரல் கொடுத்து வரும் மசாகோ நொசாவா 1936-ல் பிறந்தவர். கார்ட்டூனில் வாண்டுப் பையன்களுக்கெல்லாம் பெரும்பாலும் பேசுவது வளர்ந்த பெண்கள்தான். நிஜப் பையனை வைத்துப் பழக்கினால் இரண்டு வருஷத்தில் அவனுக்குக் குரல் உடைந்துவிடுமே!

எந்தக் கிளையில் உட்காருவது?

"குரல் கொடுப்பது" என்றால் சினிமா டப்பிங் மட்டும் என்று நினைத்துவிடுகிறோம். அது ஒரு கிளை. டி.வி.க்கு வரும் வேற்றுமொழித் தொடர்கள், கார்ட்டூன்கள் இன்னொரு கிளை. விளம்பரம், ஒலிப்புத்தகம், கைப்பேசியில் கேட்கும் தொடர்கதைகள், பள்ளிப்பாட வீடியோக்கள், பாங்கிக்குப் போன் செய்தால் "ஒன்றை அழுத்தவும்" என்று சொல்லும் அம்மாள், அரசாங்கத்தின் சுகாதார அறிவிப்புகள் என்று மற்றவை பல.

சினிமா, டி.வி. டப்பிங் செய்ய வேண்டுமானால் சென்னையில் இருந்தாக வேண்டும். வடபழனி, சாலிகிராமம், கோடம்பாக்கம் வட்டாரத்தில்தான் ஒலிப்பதிவுக் கூடங்கள். இதற்கென்று சங்கம் இருக்கிறது. படங்களில் தொடர்ந்து பேச அதில் அங்கத்தினர் ஆக வேண்டியிருக்கும். கட்டணம், விதி எல்லாவற்றையும் சங்கத்திலேயே நேரில் விசாரியுங்கள், இடைத்தரகரிடம் வேண்டாம். புதிதாக வருகிறவர்களுக்குக் கிடைப்பது கூட்டத்தில் பேசும் வேலை. கல்யாண வீட்டு இரைச்சல், சந்தைக்கடைச் சத்தம், "ஐயோ, போலீஸ்!" என்று ஓடும் ஜனம், இப்படி. அங்கே காது கூர்மையாக நின்று கவனிக்கிறவளுக்குப் பிறகு ஒரு வரி வரும், நர்ஸ் அல்லது பக்கத்து வீட்டுக்காரி. அழைப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிட்டு "உடனே வாங்க" என்பார்கள். ராத்திரி பத்தும் ஆகலாம். கைக்குழந்தையும் மாமியார் உதவியும் இல்லாத வீடும் என்றால் இது கஷ்டம் என்று பட்டவர்த்தனமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஈரோட்டுச் சகோதரிக்கு என் அபிப்பிராயம்: சினிமா டப்பிங்கை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஒலிப்புத்தகம், பாட வீடியோ, அறிவிப்பு, இவை வீட்டிலிருந்தே செய்யக் கூடியவை. சின்னவள் பள்ளிக்கூடம் போனதும் காலை பத்து முதல் மூன்று வரை உங்கள் கையில் இருக்கும்.

பழகுவதற்குப் பணம் எதற்கு? அகில இந்திய வானொலி நிலையங்கள் திருச்சி, கோவை, மதுரை, திருநெல்வேலி, தருமபுரி என்று இருக்கின்றன. நாடகக் குரல் தேர்வும், தற்காலிக அறிவிப்பாளர் தேர்வும் அவ்வப்போது அறிவிப்பார்கள். நிலையத்துக்கு ஒரு கடிதம் போட்டு விசாரிக்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004-ல் ஆரம்பித்த 'அண்ணா எஃப்.எம்.' போலச் சமுதாய வானொலிகள் பல ஊர்களில் வந்துவிட்டன. அங்கே உள்ளூர்ப் பெண்களையே வைத்து நிகழ்ச்சி செய்கிறார்கள். சம்பளம் பெரிதாக இராது, ஆனால் மைக் பயம் போய்விடும். பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கும் தொண்டர் குழுக்களும் இருக்கின்றன. பொருளாதாரப் புத்தகத்தை 200 பக்கம் தூங்காமல், தூங்கவைக்காமல் வாசித்தீர்களானால் எந்தக் கதையையும் வாசித்துவிடலாம். ஒரு மாணவனும் பாஸாவான்.

தினம் அரைமணி

குரல் என்பது சொத்து என்றால், வாசிப்பு என்பது அதை உழுவது. தினசரிப் பத்திரிகையில் ஒரு பத்தியை எடுத்து முன்கூட்டிப் பார்க்காமல் உரக்க வாசியுங்கள். தடுக்கிய இடத்தில் பென்சிலால் கோடு. ஒரு வாரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும், எந்த எழுத்தில் தடுக்குகிறீர்கள் என்று. நம்மில் பாதிப் பேருக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்றே. "பள்ளி", "பல்லி" இரண்டையும் கைப்பேசியில் பதிவு செய்து கணவரிடம் போட்டுக் காட்டுங்கள். எது எது என்று அவர் சரியாகச் சொன்னால் பாஸ். ர, ற, ன, ண இவற்றுக்கும் அப்படியே. கொங்குத் தமிழ், நெல்லைத் தமிழ் வாடை இருந்தால் அதை அழித்துவிடாதீர்கள்! அது கூடுதல் சொத்து. வேண்டும்போது போடவும் வேண்டாதபோது கழற்றவும் தெரிந்தால் போதும், நகை மாதிரி.

அடுத்தது நடிப்பு. இதற்கு உங்கள் வீட்டிலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது. ராத்திரி குழந்தைக்குக் கதை சொல்லும்போது காக்கைக்கு ஒரு குரல், நரிக்கு ஒரு குரல், பாட்டிக்கு ஒரு குரல் வைத்துச் சொல்லுங்கள். கதை முடியும் வரை காக்கைக்குரல் காக்கையிடமே இருக்கிறதா என்று பாருங்கள், நடுவில் நரிக்குப் போய்விடும்! குழந்தைகள் லேசில் விடமாட்டார்கள். "அம்மா, நரி அப்படிப் பேசாது" என்று சின்னவள் சொன்னால், அதைவிட நல்ல டைரக்டர் கிடைப்பது அரிது.

டப்பிங் ஆசை இருப்பவர்கள் டி.வி.யில் ஒரு காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு உதட்டைப் பாருங்கள். ப, ம வரும்போது இரண்டு உதடும் ஒட்டிப் பிரியும். அந்தந்த இடத்தில் நம் வசனத்திலும் அந்த எழுத்து விழுந்தால்தான் ஒட்டும். வேற்றுமொழிப் படத்துக்கு வசனம் எழுதுகிறவர் இதைப் பார்த்தே வார்த்தை தேடுவார். பேசுகிறவரும் சில சமயம் "வந்து" என்பதை "வந்து... ம்" என்று சமாளிக்க வேண்டியிருக்கும். முன்பெல்லாம் படச்சுருளைத் துண்டு துண்டாக வெட்டி, முனைகளை ஒட்டி, அதே காட்சி சுற்றிச் சுற்றி வரும்படி ஓட்டுவார்களாம். எல்லாரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று பேச, ஒருவர் தப்பினாலும் அத்தனை பேரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இப்போது கம்ப்யூட்டரில் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேசிவிட்டுப் போகிறார்கள். சௌகரியம்தான். ஆனால் எதிரே அழ வேண்டிய கணவன் இல்லாமலே அழ வேண்டும்.

ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். முதல் தடவை உங்கள் குரலைப் பதிவில் கேட்டதும் "சீ, இதுவா நான்!" என்று தோன்றும். எல்லாருக்கும் தோன்றுவதுதான். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் நமக்குக் கேட்பதில்லை. மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது. எலும்பு வழியாக வருவது கனமாக, முழக்கமாக இருக்கும். பதிவில் அந்தக் கனம் இல்லை, அதனால் மெலிந்து ஒலிக்கிறது. ஊரார் இத்தனை நாளாகக் கேட்டுக் கொண்டிருந்தது இந்தக் குரலைத்தான். அவர்கள்தானே நன்றாக இருக்கிறது என்றார்கள்? பத்து நாள் கேட்டால் பழகிவிடும்.

பீரோவுக்குள் ஒரு ஸ்டூடியோ

ஆரம்பத்திலேயே விலை உயர்ந்த மைக் வாங்க வேண்டாம். கைப்பேசி போதும். ஆனால் அறை முக்கியம். வெறும் சுவரும் மொசைக் தரையுமாக இருக்கிற அறையில் பேசினால் கிணற்றுக்குள் பேசுவது போலிருக்கும். துணி பீரோவைத் திறந்துவைத்து, மடித்த புடவைகளைப் பார்த்துப் பேசுங்கள். பின்னால் கொடியில் கனமான போர்வை ஒன்று, தரையில் ஜமக்காளம். எதிரொலி பாதிக்குமேல் அடங்கிவிடும்.

பேன் நிறுத்த வேண்டும். பிரிட்ஜையும் நிறுத்த வேண்டும், அதன் முனகல் மைக்கில் நன்றாக விழும். நிறுத்திய பிரிட்ஜைத் திரும்பப் போட மறந்தால் பால் கெட்டுவிடும் அல்லவா? படப்பிடிப்புகளில் ஒலிப்பதிவாளர்கள் கையாளும் ஒரு தந்திரம் இருக்கிறது: வண்டிச் சாவியை பிரிட்ஜுக்குள் வைத்துவிடுவார்கள். சாவி எடுக்காமல் கிளம்ப முடியாது! நீங்கள் கடைக்குப் போகும் பர்ஸை உள்ளே வைக்கலாம். எதிர்வீட்டுக் குக்கர் விசில், கோயில் ஒலிபெருக்கி, பேப்பர்க்காரர் கூவல் எல்லாவற்றுக்கும் உங்கள் தெருவில் ஒரு நேரம் இருக்கும். ஒரு வாரம் குறித்துவைத்து, ஓய்ந்த நேரத்தைக் கண்டுபிடியுங்கள்.

மைக்குக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு சாண். நேர் எதிரே வேண்டாம், சற்றுப் பக்கவாட்டில். இல்லாவிட்டால் "பாப்பா" என்கிற ஒவ்வொரு ப-வும் பட்டாசு மாதிரி வெடிக்கும். கண்ணாடி வளையல், கொலுசு கழற்றிவிடுங்கள். ஸ்டூடியோவுக்குப் போகிற நாளில் பட்டுப்புடவையோ கஞ்சி போட்ட காட்டனோ கட்டாதீர்கள், கையை அசைத்தாலே சரசர என்று மைக்கில் கேட்கும். பழைய வாயில் புடவை உத்தமம். வயிறு காலியாகவும் போகக் கூடாது. அது உருளும் சத்தத்தை ஒலிப்பதிவாளர் முதலில் கண்டுபிடித்துவிடுவார். இரண்டு இட்லி போதும். பால் காபி குடித்த உடனே பேசினால் பலருக்கு வாய் பிசுபிசுவென்றிருக்கும். ஓர் ஆப்பிள் துண்டு கடித்தால் சரியாகிவிடும் என்பது இத்தொழில்காரர்களின் கைவைத்தியம்.

தொண்டை விஷயம்

வெந்நீரோ தண்ணீரோ குடித்தால் அது குரல்நாண்களில் படுவதே இல்லை. அது உணவுக்குழாயில் போகிறது, குரல் இருப்பது மூச்சுக்குழாய் வாசலில். உடம்பு முழுவதும் ஈரப்பசை இருந்தால்தான் குரல்நாணும் வழவழப்பாக இருக்கும். ஆகவே மைக் முன்னால் நின்று மடக்கு மடக்கென்று குடிப்பதில் பிரயோஜனம் குறைவு; காலையிலிருந்தே குடித்துவர வேண்டும். பனங்கற்கண்டு, மிளகு, சுக்கு எல்லாம் இதமாக இருக்கும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இதம் வேறு, சிகிச்சை வேறு. ஆவி பிடிக்கலாம், கொதிக்கும் பாத்திரத்தைத் தவழும் குழந்தை எட்டாத இடத்தில் வைத்துக்கொண்டு.

"க்ஹ்ம், க்ஹ்ம்" என்று அடிக்கடி கனைப்பது கெட்ட பழக்கம். இரண்டு நாண்களும் ஒன்றோடொன்று மோதிக் கொள்கின்றன. எச்சில் விழுங்குங்கள். குரல் கம்மினால் ரகசியம் பேசுகிற மாதிரி கிசுகிசுப்பதும் ஓய்வு ஆகாது, பலருக்கு அதில் சிரமமே அதிகம். பேசாமலிருப்பதுதான் ஓய்வு. (வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்!) அலறல், கதறல் காட்சி இருந்தால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளக் கேளுங்கள். முதலில் கத்திவிட்டால் அன்றைக்கு மற்ற வசனம் போச்சு.

ஆனால் தாய்மார்களின் குரலைக் கெடுப்பது ஸ்டூடியோ அல்ல. மொட்டை மாடியில் இருக்கும் பிள்ளையைச் சமையலறையிலிருந்து கூப்பிடுவதுதான். கையைத் தட்டுங்கள், மணி அடியுங்கள், பக்கத்தில் போய்க் கூப்பிடுங்கள். மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் குரல் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். இரவில் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அமிலம் மேலே வந்து காலையில் குரல் கட்டுவதும் உண்டு. ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் இரண்டு மூன்று மணி இடைவெளி விட்டுப் பாருங்கள்.

காசும் காகிதமும்

ஒலிப்புத்தகத்துக்குப் பெரும்பாலும் "முடிந்த ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு" என்று பேசுவார்கள். இதில் ஒரு கணக்கு இருக்கிறது, நன்றாகக் கவனியுங்கள். முடிந்த ஒரு மணி நேரம் என்பது கேட்பவர் கேட்கும் ஒரு மணி. அதை உருவாக்கப் பழகியவர்களுக்கே இரண்டு மூன்று மணி ஆகும். தப்பை வெட்டி, திரும்ப வாசித்து, சத்தத்தைச் சுத்தம் செய்து. புதியவருக்கு ஐந்து மணிகூட ஆகலாம். ஆகவே உதாரணத்துக்கு 1,000 ரூபாய் என்று பேசினால், உங்களுக்கு மணிக்கு 200 ரூபாய்தான் விழுகிறது. ஒத்துக்கொள்ளுமுன் ஒரு பத்துப் பக்கத்தை முழுக்கச் செய்து பார்த்து, கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு "சரி" சொல்லுங்கள்.

ஒரு நோட்டுப்புத்தகம் போடுங்கள். தேதி, யாருக்கு, எத்தனை நிமிஷம், பேசிய தொகை, வந்த தொகை, வரிப் பிடித்தம். பணம் இரண்டு மூன்று மாதம் கழித்து வருவது இங்கே சகஜம். எழுதி வைக்காவிட்டால் மறந்தது அவர்களாக இருக்காது, நீங்களாக இருக்கும். பான் எண் கணவர் பேரில் அல்ல, உங்கள் பேரில். பாங்கிக் கணக்கும் அப்படியே.

இப்போது ஒரு புது அபாயமும் சேர்ந்திருக்கிறது. சில நிமிஷம் பேசிய பதிவை வைத்தே, அந்தக் குரலில் எதை வேண்டுமானாலும் பேசவைக்கும் கம்ப்யூட்டர் வித்தை வந்துவிட்டது. 2024-ல் 'லால் சலாம்' படத்தில், காலமான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் ஏ.ஆர். ரஹ்மான் இப்படி மறுபடி பாடவைத்தார். இரு குடும்பத்தாரிடமும் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்துச் செய்ததாக அவரே அறிவித்தார். அது முறையாகச் செய்தது. எல்லாரும் அப்படிச் செய்வார்களா? அமெரிக்காவில் வீடியோ விளையாட்டுகளுக்குக் குரல் கொடுப்பவர்கள் 2024 ஜூலையில் ஆரம்பித்து ஏறக்குறைய ஒரு வருஷம் வேலை நிறுத்தம் செய்ததற்கு முக்கியக் காரணமே இதுதான்.

அதனால், 500 வாக்கியம் வாசித்துக் கொடுத்தால் இவ்வளவு என்று யாராவது கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். கையெழுத்துப் போடும் தாளில் எந்த வேலைக்கு, எத்தனை காலத்துக்கு என்று இருக்கட்டும். "எல்லா ஊடகங்களிலும், என்றென்றைக்கும்" என்று இருந்தால் பேனாவை மூடிவிடுங்கள். "என் குரலை வைத்துச் செயற்கைக் குரல் தயாரிக்க அனுமதியில்லை" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இங்கிலீஷ் புரியாவிட்டால் புரிந்தவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவதில் வெட்கம் எதற்கு?

"மாதிரிக்கு ஓர் அத்தியாயம் வாசித்து அனுப்புங்கள்" என்பதிலும் ஜாக்கிரதை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் நியாயம். பத்துப் பேரிடம் பத்து அத்தியாயம் மாதிரி வாங்கினால் புத்தகமே இனாமாக முடிந்துவிடுமே! பதிவுக் கட்டணம், பாதுகாப்புத் தொகை என்று உங்களிடம் பணம் கேட்கிற இடத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். நமக்குக் கூலி கொடுக்க வேண்டியவர் நம்மிடமே கூலி கேட்டால் என்ன அர்த்தம்?

வெளியில் ஒலிப்பதிவுக்குப் போகிறவர்கள் கூடத்தின் விலாசம், முடியும் நேரம், அழைத்தவர் பேர் மூன்றையும் வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள். "வீட்டுக்கு வந்து குரல் சோதனை கொடு" என்றால் போகவே வேண்டாம். பெண்கள் வேலை செய்யும் இடத்தில் தொல்லை நேர்ந்தால் புகார் செய்ய 2013-ல் வந்த சட்டம் இருக்கிறது. தினக்கூலிக்கு வந்தவருக்கும் அது பொருந்தும்.

பயிற்சி வகுப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆறு மாதம் தினம் அரைமணி மேலே சொன்னபடி பழகுங்கள். பிறகும் ஆசை குறையாமல் இருந்தால், தொழிலில் இப்போது பேசிக்கொண்டிருக்கும் கலைஞர் நடத்தும் ஒரு நாள், இரண்டு நாள் வகுப்பாகப் பார்த்துப் போங்கள். சேருமுன், அங்கே படித்த இரண்டு பேரிடம் நேரில் பேசி, "கடைசியாக எந்த வேலைக்குக் கூலி வாங்கினீர்கள்?" என்று கேளுங்கள். அப்புறம் ஈரோட்டுச் சகோதரி, கணவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அரைமணி பேனை நிறுத்தி, குழந்தையை வெளியே அழைத்துப் போக அவர்தான் வேண்டும்!

கடைசியாக, மன்னார்குடியிலிருந்து ஒரு சகோதரி. குழந்தை பிறந்து எட்டு மாதம் ஆகிறதாம். உள்ளூர்ப் பள்ளி விழாக்களில் தொகுத்துப் பேசிக் கொண்டிருந்தவர், பிரசவத்துக்குப் பின் குரல் தடித்துவிட்டது, பழையபடி வருமா என்று கேட்கிறார். குழந்தை பிறந்த முதல் வருஷத்தில் பல பெண்களுக்குக் குரல் சற்றுத் தணிந்து, பிறகு பழைய நிலைக்கு வருவதை ஆராய்ச்சியாளர்களும் கவனித்திருக்கிறார்கள். தூக்கமின்மையும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் முடி கொட்டுகிறது, உடம்பு வீங்கினாற்போல் இருக்கிறது, எப்போதும் அசதி என்றும் எழுதியிருக்கிறீர்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு சுரப்பு குறைவதும் உண்டு, அதிலும் குரல் தடிக்கும். அடுத்த தடுப்பூசிக்குக் குழந்தையை எடுத்துப் போகும்போது உங்களுக்கும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை எழுதித் தரும்படி டாக்டரைக் கேளுங்கள். தைராய்டு குறைவு என்று தெரிந்தால் மாத்திரை சாப்பிடலாம். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. அதுவரை விழா மேடைகளை ஒத்துக்கொள்ள வேண்டாம். முடிவு வந்ததும் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.